ஒரு வேளைச் சோறும் நூற்றுவீதக் கணக்கும்

சோற்றை அளந்து பார்க்கும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. நாழியும் உழக்கும் ஆழாக்கும் நம் முன்னோர் கையாண்ட அளவைகள். கொத்தும் சுண்டும் ஈழத்து அடுக்களைகளில் நேற்றுவரை ஆட்சி செய்தவை. பேரரசனும், உறக்கமின்றி விலங்குகளைத் துரத்தித் திரியும் கல்லாத வேட்டுவனும் ஆகிய இருவருக்கும் உணவின் அளவு ஒரு நாழிதான் என்று புறநானூற்றிலே கணக்கிட்டுக் காட்டினார் நக்கீரனார். அவ்வளவே ஒருவனுக்கு வேண்டுமாயின், எஞ்சிய செல்வத்தைப் பிறர்க்கு ஈவதே முறை என்பது அவர் கொண்ட முடிபு. அறத்தை நிலைநாட்ட எழுந்த கணக்கு அது.

இக்காலத்திலே அந்நாழியின் இடத்தில் வேறோர் அளவை வந்து அமர்ந்திருக்கிறது. அதன் பெயர் கலோரி. பிஸ்கற் பொதியைப் புரட்டிப் பார்த்தால், இத்தனை கிராம் உண்டால் நாளாந்தத் தேவையில் நூற்றுக்கு இத்தனை வீதம் கிடைக்கும் என்று சிற்றெழுத்தில் அச்சிட்டிருப்பதைச் சிலவற்றிலே காணலாம். பாடசாலை உணவுத் திட்டங்களும், அகதிகளுக்கான நிவாரணப் பங்கீடும், வறியவர் யார் என்று அரசு வரையறுக்கும் கோடும் இந்த அளவையைக் கொண்டே எழுதப்படுகின்றன. ஆகவே, ஒரு வேளை உணவு ஒரு நாளைய தேவையில் எத்தனை வீதம் என்ற கணக்கைத் தமிழ் படித்தவர்களும் ஒருமுறை நின்று நோக்குதல் தகும். கணிதமாகப் பார்த்தால் அஃது எட்டாம் வகுப்பு மாணவனுக்கே எளியது. ஒன்றை மற்றொன்றால் வகுத்து நூறால் பெருக்குவதோடு முடிந்துவிடும். ஆயினும், எதை எதனால் வகுக்கிறோம் என்பதிலேதான் மனிதரின் வயிறு அடங்கியிருக்கிறது.

முதலில் அளவையை அறிவோம். கலோரி என்பது வெப்பத்தைக் குறிக்கும் இலத்தீன் மொழிச் சொல்லின் வழி வந்தது. ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியசு உயர்த்த வேண்டிய வெப்பமே உணவுநூலார் கூறும் ஒரு கலோரி. அறிவியலார் அதனைக் கிலோ கலோரி என்பர். சோற்றுக்கும் வெப்பத்துக்கும் என்ன தொடர்பு என்று நாம் வியக்க வேண்டியதில்லை. திருக்குறளின் மருந்து அதிகாரத்தைக் கற்றவர்கள், செரிக்கும் ஆற்றலை வள்ளுவர் தீ என்றே குறித்ததை அறிவர். 1780-களில் இலவோசியே என்னும் பிரெஞ்சு அறிஞர், சிறு விலங்கொன்றைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்தினுள் வைத்து, உருகிய நீரை அளந்து, உயிர்ப்பும் ஒருவகை எரிதலே என்று காட்டினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க இரசாயன அறிஞர் அற்வாட்டர், மனிதரையே அளவுக்கூடத்தில் இருத்தி ஆராய்ந்து, இன்றும் உலகெங்கும் வழங்கும் வாய்பாட்டைத் தந்தார். மாச்சத்து ஒரு கிராமுக்கு 4 கலோரி. புரதம் ஒரு கிராமுக்கு 4. கொழுப்பு ஒரு கிராமுக்கு 9.

நம் பக்கத்து உணவுகளை இவ்வாறு பகுத்து எழுதிய பெருமை நீலகிரியிலுள்ள குன்னூர் ஆய்வுக்கூடத்தைச் சாரும். அங்கே மக்காரிசன் தொடங்கிய பணியைத் தொடர்ந்த அய்க்கிரொய்ட் என்பார், இந்திய உணவுகளின் போசணைப் பெறுமதிகளைத் தொகுத்து 1937 ஆம் ஆண்டு ஒரு நூலாக வெளியிட்டார். அரிசியும் கேழ்வரகும் முருங்கையிலையும் அறிவியல் அட்டவணையிலே வரிசையாக நின்றன. அக்கூடம் 1958 இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்தது. இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று வழங்குகிறது.

இனி, நிலாவெளியில் ஒரு நண்பகலில் பரிமாறப்படும் எளிய உணவொன்றை இலையில் இட்டுக் கணக்கிடுவோம். புழுங்கலரிசி 150 கிராம். ஏறத்தாழ 525 கலோரி. மீன் 60 கிராம், ஏறத்தாழ 65. முருங்கையிலை 50 கிராம், 45. தேங்காய்ப்பூ 20 கிராம், 80. எண்ணெய் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம், 45. கூட்டினால் 760 கலோரி. இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். அட்டவணையில் உள்ள எண் உலர்ந்த அரிசிக்கு உரியது. வெந்த சோறு நீரை உறிஞ்சி இரண்டரை மூன்று மடங்கு நிறை கொள்ளும். சோற்றை நிறுத்து, அதன் நிறையை அரிசியின் எண்ணால் பெருக்குவோர், அரைவயிறு உண்டவனையும் நிறைய உண்டவன் என்று எழுதிவிடுவர். நூறு கிராம் அரிசியில் 350 கலோரி அளவில் உண்டு; நூறு கிராம் சோற்றில் 130 அளவுதான் உண்டு.

தொகுதி கிடைத்துவிட்டது. பகுதியாக எதனை இடுவது? பொதியில் அச்சிட்டவர் பொதுவாக 2,000 என்று வைத்துக்கொள்வர். அவ்வாறாயின் நம் இலையிலுள்ள உணவு நூற்றுக்கு 38 வீதம். ஆனால், இரண்டாயிரம் என்னும் அந்த மனிதனை எந்தத் தெருவிலும் எவரும் கண்டதில்லை. ஐதராபாத்து நிறுவனத்தார் 2020 ஆம் ஆண்டு வகுத்த அளவுப்படி, உட்கார்ந்து தொழில் செய்யும் ஆணுக்கு 2,110 கலோரியும் பெண்ணுக்கு 1,660 கலோரியும் வேண்டும். கடும் உடலுழைப்பாளனாகிய ஆணுக்கு 3,470 வேண்டும். இப்போது வகுத்துப் பார்க்க. அதே 760 கலோரி, மேசைமுன் அமர்ந்திருக்கும் பெண்ணுக்கு நூற்றுக்கு 46. அவ்வாறே அமர்ந்திருக்கும் ஆணுக்கு 36. கடற்கரையிலே வெயிலில் நின்று கரைவலை இழுக்கும் தொழிலாளிக்கு 22. இலை ஒன்று, சோறு ஒன்று, விடை மூன்று.

நக்கீரனாரின் நாழிக்கும் இக்கணக்குக்கும் முரண் உண்டோ எனின், அறத்தில் முரண் இல்லை, அளவில் உண்டு. அரசனும் வேட்டுவனும் ஒரே நாழி உண்பது அவர்தம் உடம்பின் பொதுமையைக் காட்ட வந்த கூற்று. உண்மையில் இரவும் பகலும் ஓடுகின்ற வேட்டுவனுக்கு அரசனைக் காட்டிலும் மிகுதியாக வேண்டும். சமமாகப் பங்கிடுதல் வேறு, தேவைக்கேற்பப் பங்கிடுதல் வேறு என்பதைக் கலோரிக் கணக்கு நமக்கு உணர்த்துகிறது. பந்தியிலே எல்லார்க்கும் ஓரகப்பை இடுவது நேர்மையாகத் தோன்றும். ஆயினும் உழைத்தவன் பசியோடு எழுந்து போவான்.

பாடசாலை உணவைக் கருதுவோம். தமிழ்நாட்டிலே 1920 ஆம் ஆண்டளவில் சென்னை மாநகராட்சி, தியாகராயச் செட்டியார் காலத்தில், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு உணவளித்தது. 1956 இல் காமராசர் காலத்து மதிய உணவுத் திட்டம் பாரதியார் பிறந்த எட்டயபுரத்திலே தொடங்கிற்று. 1982 ஆம் ஆண்டு யூலை மாதம் முதலாம் நாள் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 2001 நவம்பர் 28 இல் இந்திய உச்ச நீதிமன்றம், சமைத்த உணவு நாளொன்றுக்குக் குறைந்தது 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் வரை புரதமும் உடையதாய், ஆண்டில் இருநூறு நாள்களேனும் வழங்கப்படவேண்டும் என்று ஆணையிட்டது. பசியைப் பற்றிய வழக்கில் நீதிபதிகள் கலோரி எண்ணைத் தீர்ப்பில் எழுதினர் என்பதை நம் மாணவர்கள் அறிதல் வேண்டும். இரக்கத்தால் இடப்பட்டது அன்றுமுதல் உரிமையாயிற்று. உரிமை என்றால் அளவு வேண்டும். அளவின்றேல் ஒரு பிடி சோற்றைக் காட்டியும் கடமை தீர்ந்தது எனலாம்.

அவ்வளவு பின்னர் உயர்த்தப்பட்டது. இன்று இந்தியாவில் ஐந்தாம் வகுப்புவரை 450 கலோரியும் 12 கிராம் புரதமும், ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை 700 கலோரியும் 20 கிராம் புரதமும் விதிக்கப்பட்டுள்ளன. ஏழு முதல் ஒன்பது வயதுவரையுள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு 1,700 கலோரி தேவை. எனவே 450 என்பது நூற்றுக்கு 26 அல்லது 27. பத்து வயது நிறைந்தும் ஐந்தாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் சிறுவனுக்கு 2,220 தேவை. அவனுக்கு அதே உணவு நூற்றுக்கு 20. பிறந்தநாள் ஒன்று கழிந்தது, தட்டு மாறவில்லை, வீதம் இறங்கிவிட்டது. வகுப்பைக் கொண்டு அளவை வகுத்தோமேயன்றி வயதைக் கொண்டு வகுத்தோமல்லோம்.

நம் நாட்டிலும் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் உணவு வழங்கப்படுகிறது. அதனைப் பற்றிப் பேசுவோர் உணவின் வீதத்தைச் சொல்லி மகிழ்வர். நூற்றுக்கு 27 என்பது நற்செய்திபோல ஒலிக்கும். யான் அதனைச் செய்தியாகக் கொள்வதில்லை; வினாவாகக் கொள்வேன். நூற்றுக்கு 27 பாடசாலையிலே கிடைத்ததெனின், எஞ்சிய 73 எங்கே? அதை வீடு தரும் என்று திட்டம் எழுதியவர் கருதினார். காலையில் வெறுந்தேநீர் அருந்தி வந்த பிள்ளைக்கு, மாலையிலும் வெறும் பாணுடன் நாளை முடிக்கும் பிள்ளைக்கு, அந்த எழுபத்து மூன்று ஏட்டிலே மட்டும் உண்டு. ஒரு வேளை உணவின் வீதம், அந்த உணவைப் பற்றிக் கூறுவதைக் காட்டிலும், கூறாமல் விட்ட மற்ற வேளைகளைப் பற்றியே மிகுதியாகக் கூறுகிறது.

அரசியலிலும் இந்த மீதியே பலமுறை பேசியிருக்கிறது. 1953 இல் பங்கீட்டரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்தது. பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவும் நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு ஓகத்து 12 ஆம் நாள் நாடு கண்ட அர்த்தாலுக்குப் பின்னர், அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். மீண்டும் அவர் பிரதமராயிருந்த 1966 இன் இறுதியில், வாரத்துக்கு இரண்டு கொத்து என்றிருந்த பங்கீடு, இலவசமாக ஒரு கொத்து என்று மாறிற்று. கொத்து ஒன்று ஏறத்தாழ இரண்டு இறாத்தல். கணக்கிட்டுப் பார்த்தேன். வாரத்துக்கு நான்கு இறாத்தல் எனின் நாளொன்றுக்கு 259 கிராம். அதாவது 907 கலோரி. உட்கார்ந்து தொழில் செய்யும் ஆணின் தேவையில் அது நூற்றுக்கு 43. ஒரு கொத்தானபோது நூற்றுக்கு 21 அல்லது 22. ஒருவனது நாளாந்தத் தேவையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலானது பங்கீட்டுக் கடையிலிருந்து சந்தைக்கு நகர்ந்தது. 1970 ஆம் ஆண்டுத் தேர்தல் மேடைகளிலே இரண்டாவது கொத்து ஏன் அத்துணை முழங்கிற்று என்பதற்கு இவ்வெண்ணிலே விடை உண்டு. 1979 இல் பங்கீட்டரிசியின் இடத்துக்கு உணவு முத்திரை வந்தது.

நம் திருகோணமலை மாவட்டத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். இலங்கையின் முந்தைய உத்தியோகபூர்வ வறுமைக்கோடு, 2002 ஆம் ஆண்டு வீட்டு வருமான செலவின மதிப்பீட்டை அடியாகக் கொண்டு வகுக்கப்பட்டது. ஒருவர்க்கு நாளொன்றுக்கு 2,030 கலோரி என்று வைத்து, அதனைப் பெறுதற்கான செலவோடு பிற இன்றியமையாத செலவையும் சேர்த்து, மாதத்துக்கு 1,423 ரூபாய் என்று கோடு இட்டனர். ஆனால் போர்க்காலச் சூழலால் வடக்குக் கிழக்கு மாகாணங்கள் அம்மதிப்பீட்டில் இடம்பெறவில்லை. 2006/07 மதிப்பீட்டிலும் திருகோணமலை விடுபட்டது. 2009/10 இலேதான் நம் மாவட்டத்து வீடுகள் கணக்கில் ஏறின. அதாவது, நாட்டின் பசியை அளக்கும் கோல் செதுக்கப்பட்ட காலத்தில் நிலாவெளியின் ஓர் உலைப்பானையும் எண்ணப்படவில்லை. இடையே 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை இக்கரையை அடித்துச் சென்றது. அத்தகைய அனர்த்த காலங்களில் நிவாரண நிறுவனங்கள் கைக்கொள்வது ஒருவர்க்கு 2,100 கலோரி என்னும் திட்ட அளவு. கைக்குழந்தையும் கிழவரும் உழைப்பாளியும் கலந்த ஒரு கூட்டத்தின் சராசரி அது. நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி கிடைத்தால் அவ்வளவில் மூன்றில் இரண்டு நிறைவேறும்; பருப்பும் எண்ணெயும் சீனியும் சேர்ந்தாலே மற்றையது நிறையும். சராசரி என்பது கூட்டத்துக்கு உணவு வரவழைக்க உதவும் எண். தனியொருவரின் தட்டில் அதை வைத்துப் போதும் என்று தீர்ப்புக் கூறுதல் தகாது.

இன்னொரு குறையையும் மறைத்தல் கூடாது. கலோரி ஒன்றே உணவன்று. சாவகத்துத் தீவிலே 1890-களில் எய்க்மன் என்னும் ஒல்லாந்த வைத்தியர், தீட்டிய வெள்ளரிசியை உண்ட கோழிகள் நரம்பு தளர்ந்து விழுவதையும், தவிடு நீங்காத அரிசி கொடுத்தபோது தேறுவதையும் கண்டார். கோழிகளுக்கு வெப்பம் தரும் உணவு போதியதாகவே இருந்தது; உயிர்ச்சத்து ஒன்று இல்லை. மனிதரிடத்து அதே குறையால் வருவது பெரிபெரி. புழுங்கலரிசியை விரும்பி உண்ட மக்களிடத்து அந்நோய் குறைவாயிருந்தது. அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசியின் உள்ளே சென்று தங்கிவிடுகிறது. நம் பாட்டிமார் நெல்லை அவித்ததற்கு அவர்தம் நாவின் சுவை காரணமாயிருக்கலாம். அதனால் விளைந்த நலமோ அவர்தம் பேரப்பிள்ளைகளின் நரம்புக்குச் சென்றது.

மேலே இட்ட நிலாவெளி இலைக்கே திரும்புவோம். 2022 ஆம் ஆண்டு நெருக்கடியிலே, செப்டெம்பர் மாதத்தில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவு விலையேற்றம் ஓராண்டுக்கு நூற்றுக்கு 94.9 ஆக இருந்தது. விலை இருமடங்கானால் ஏழை வீட்டில் முதலில் மறைவது சோறன்று, மீன். மீன் நீங்கினால் இலையிலே குறைவது 65 கலோரி. மொத்தத்தில் நூற்றுக்கு 9 கூட இல்லை. கலோரி வீதம் மட்டும் எழுதும் அதிகாரி, பெரிய மாற்றமில்லை என்று குறித்துச் செல்வார். ஆனால் அவ்விலையில் இருந்த புரதம் ஏறத்தாழ 27 கிராம். அதில் 12 கிராம் அந்த மீனிலே இருந்தது. நூற்றுக்கு 44 போய்விட்டது. வயிறு நிறைந்தது போலிருக்கும், பிள்ளை வளராது. ஆகையால், வீதம் கேட்போர் ஒரு வீதத்தோடு நிற்றல் ஆகாது. எதனுடைய வீதம், யாருடைய தேவையில் என்று இரண்டையும் கேட்டல் வேண்டும்.

மணிமேகலைக் காப்பியத்திலே காயசண்டிகை என்பாள் வருகிறாள். முனிவர் ஒருவரின் சாபத்தால் யானைத்தீ என்னும் பெரும்பசி நோய் அவளைப் பற்றியது. எவ்வளவு உண்டாலும் அடங்காத பசி அது. எத்துணைச் சோறு இட்டாலும் அவள் தேவையில் அது எத்தனை வீதம் என்று வகுத்துக் கூற எந்தக் கணக்காயராலும் இயலாது. ஆதிரை முதற்பிச்சையிட்ட அமுதசுரபியிலிருந்து மணிமேகலை அளித்த உணவே அந்நோயைத் தீர்த்தது. அள்ளக் குறையாத பாத்திரத்துக்குக் கணக்கு வேண்டுவதில்லை. நம்மிடம் உள்ளவையோ அள்ளக் குறையும் பாத்திரங்கள். குறையும் பாத்திரத்தைக் கையில் வைத்திருப்பவன் கணக்குப் பார்த்தே தீரவேண்டும். அவ்வகையில் கணக்கு அறத்துக்குப் பகையன்று, துணையே.

ஆசிரியராயுள்ள நண்பர்களுக்கு ஒரு சொல். இக்கணக்கை வகுப்பிலே கற்பிக்கலாம். மாணவர் ஆர்வத்தோடு செய்வர். கணிதமும் உயிரியலும் தமிழும் ஒருங்கே சந்திக்கும் பாடம் அது. ஆயினும், இன்று காலை வீட்டில் என்ன உண்டாய் என்று பிள்ளைகளை எழுப்பி வினவி, அதைக் கரும்பலகையில் எழுதிக் கூட்டுதல் வேண்டா. உண்ணாமல் வந்த பிள்ளை அங்கே பொய் சொல்லக் கற்றுக்கொள்ளும். அல்லது வெட்கித் தலைகுனியும். யான் கற்பிக்கும்போது, பெயரில்லாத ஒரு வீட்டின் இலையைக் கரும்பலகையில் வரைவேன். அதில் சோறும் மீனும் கீரையும் வைப்பேன். அதே இலையைக் கரைவலைத் தொழிலாளிக்கும், தையற்பொறியின்முன் அமர்ந்த பெண்ணுக்கும், பத்து வயதுச் சிறுவனுக்கும் வகுத்துக் காட்டுமாறு மாணவர்களைப் பணிப்பேன். விடைகள் வேறுபடுவது கண்டு அவர்கள் வியப்பர். பின்னர் மீனை அழித்துவிட்டு, மறுபடியும் கணக்கிடுமாறு கூறுவேன்.

இறுதியாக, நூறிலிருந்து விடையைக் கழித்து அடியிலே எழுதச் சொல்வேன். அந்த எண்ணுக்கு எதிரே, இதை யார் தருவார் என்ற வினாவையும் எழுதச் சொல்வேன். மாணவர் சிலர் தாய் என்று எழுதுவர். சிலர் அரசு என்பர். ஒருவரிருவர் ஒன்றும் எழுதாமல் விட்டுவிடுவர். அவ்வாறு வெறுமையாக விடப்பட்ட ஏட்டைத் திருத்துகையில் சிவப்பு மை இடுவதில்லை. அப்பிள்ளை பாடசாலை உணவு வரிசையில் நிற்கிறதா என்று மறுநாள் பார்த்துக்கொள்வேன்.